அப்பா இடித்த முளைப்பாரி

எங்கள் வீட்டில் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வேண்டுமென்றால் அப்பா வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியாக அதை மூடியவர் அவராகத்தான் இருப்பார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நட்டு, குழாய், சைக்கிள் செயின், என் ஜடை ரிப்பன், எதுவானாலும் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினால்தான் அவருக்கு மனசு ஆறும். இந்த மனுஷனோடு மல்லுக்கட்டியே தான் பாதியாக இளைத்துவிட்டதாக அம்மா எல்லோரிடமும் சொல்வாள். பார்ப்பவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை.

எனக்குப் பத்து வயதான வருஷம், பதினெட்டாம் பெருக்குக்கு முளைப்பாரியைத் தலையில் சுமந்து போகிற உரிமை முதல்முறையாக எனக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம் அம்மாதான் எடுத்துவந்தாள். காவிரிப் பாலத்தில் பஸ் போட்ட பிரேக்கில் சட்டி சாய்ந்து, மண்ணும் முளையுமாக முன் சீட்டுக்காரரின் சட்டைக்குள் போய்விட்டது. அம்மா மண்டபம் படித்துறையில் எங்கள் கை வெறுங்கை. அன்று நான் அழுத அழுகையைப் பார்த்து அந்தச் சட்டைக்காரரே எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

ஆகவே இந்த முறை எதுவும் தப்பாகக் கூடாது. அம்மா மண்ணைச் சலித்து, காய்ந்த சாணத்தூள் கலந்து, சட்டியில் பொலபொலவென்று நிரப்பிவைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். அவள் அந்தப் பக்கம் போக, அப்பா இந்தப் பக்கம் வந்தார். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் அடிவரைக்கும் போனது. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இவ்ளோ லூசா இருந்தா எப்படி நிக்கும்? போன வருஷம் கொட்டுனதுக்கு இதுதான் காரணம்” என்றார்.

மரச் சுத்தியலை எடுத்துவந்தார். சட்டியைச் சாக்கின் மேல் வைத்து, மண்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் இடித்தார். மண் இறங்க இறங்க இன்னும் போட்டு இடித்தார். தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியை இடிப்பதுபோல அத்தனை ஒழுங்கு. பத்து அடி நானும் இடித்தேன். பிறகு இரண்டு பேருமாக ஊறவைத்த பயறைத் தூவி, மேலே ஒரு விரல் மண் போட்டு அதையும் இடித்தோம். ரேஷன் பையோடு உள்ளே வந்த அம்மா சட்டியைத் தட்டிப் பார்த்தாள். சிமெண்டுத் தரையைத் தட்டிய சத்தம் கேட்டது. ஆனால் ஒன்றும் செய்வதற்கில்லை. முளைப்பாரிக்கு விதை போட்டாயிற்று என்றால் மண்ணைக் கிளறக் கூடாது, மறுபடி போடவும் கூடாது. அம்மா சட்டியை இருட்டறையில் வைத்துவிட்டு, அன்று அப்பாவுக்கு ரசத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

இந்த இடத்தில் எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை, எடமலைப்பட்டி புதூரில் புதுவீடு கட்டிக் குடிபோனவள். தினமும் அப்பாவின் போனுக்குக் கூப்பிடுவாள். அவள் பெயரைப் பார்த்ததும் அப்பா போனை என்னிடம் நீட்டிவிடுவார். அவள் ஒன்றைச் சொல்லி “உங்கப்பாகிட்ட சொல்லு” என்பாள். பக்கத்திலேயே இருக்கும் அப்பா “சரின்னு சொல்லு” என்பார். நேரில் பார்த்தாலும் இதே கதைதான், நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்வேன். அண்ணன் தங்கைகள் வளர்ந்த பிறகு இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அந்த உத்தியோகத்தில் எனக்குப் பெருமையும் உண்டு.

மூன்றாம் நாள் அத்தையின் போன் வந்தது.

“எங்க வீட்டுது ரெண்டு விரக்கடை வந்துடுச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.”

“ரொம்ப சந்தோஷம்னு சொல்லு” என்றார் அப்பா. எங்கள் சட்டியில் ஒரு புள்ளிகூடப் பச்சை இல்லை.

ஐந்தாம் நாள் மேல்மண் அப்பளம் போல வெடித்துத் துண்டு துண்டாக மேலே எழும்பியது. அடியில் கூன் போட்ட முளைகள் அந்தத் துண்டுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றன. ஆறாம் நாள் அத்தை வீட்டு முளை ஒரு சாண். எங்களுடையது என் சுண்டுவிரல் உயரம். பொறுக்க முடியாமல், அம்மா பார்க்காத நேரத்தில் ஒரு முளையை மெதுவாக உருவிப் பார்த்தேன். நூல் போல வெள்ளையாக வரும் என்று எதிர்பார்த்த வேர், தடித்து, கோணி, அடிவாங்கிய ஆணி மாதிரி வந்தது. முளைப்பாரிக்கு ஏதோ நோய் வந்துவிட்டது, நான் இடித்த அந்தப் பத்து அடிதான் காரணம் என்று முடிவு செய்து, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

அப்பா அந்த வேரை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். “நல்ல கேஜு” என்றார், கம்பியின் தடிமனைச் சொல்வதுபோல. எனக்கு அழுகை கூடிவிட்டது.

பின்னாளில் கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வேர் எப்போதும் கொஞ்சம் எத்திலீன் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், வாழைத்தாரைப் பழுக்கவைக்கிற அதே வாயு. மண் பொலபொலவென்று இருந்தால் அது காற்றோடு போய்விடும். மண் இறுகிவிட்டால் வெளியேற வழியில்லாமல் வேரைச் சுற்றியே தங்கும். மேற்கொண்டு போகப் பாதை இல்லை என்று வேருக்குத் தகவல் சொல்வது அதுதான். வேர் உடனே நீளுவதைக் குறைத்துக்கொண்டு பருக்க ஆரம்பிக்கும், சந்து கிடைக்கிற பக்கமாகத் திரும்பும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் மூன்று பக்கம் எழுதினேன்.

பதினெட்டாம் பெருக்கன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அத்தை வந்து சேர்ந்துகொண்டாள். அவள் சட்டியில் முளைகள் இளமஞ்சளாக, முழ உயரத்துக்குத் தளதளவென்று நின்றன. என் சட்டியைப் பார்த்ததும் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்குக் காது சுட்டது.

இடித்த மண் இரண்டு பங்கு கனம். அம்மா மண்டபத்துப் படிகளில் இறங்கும்போது என் கழுத்து உள்ளே போய்விட்டது. அந்த வருஷம் ஆறு நிறையத் தண்ணீர், படியெல்லாம் கூட்டம், ஆடிக் காற்று வேறு அள்ளி வீசியது. அத்தையின் முளைகள் சீவிய தலைமுடி போல ஒரே பக்கமாகப் படுத்துவிட்டன. அதைப் பார்த்துச் சந்தோஷப்படத் திரும்பினேன் பாருங்கள், பாசிப் படியில் கால் வழுக்கியது. நான் உட்கார்ந்துவிட்டேன். சட்டி இரண்டு படி கீழே விழுந்து சுக்கல் சுக்கலாக உடைந்தது.

சுற்றி நின்றவர்கள் ‘அடடா’ என்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த வருஷமும் போச்சு.

அப்போது யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். கண்ணைத் திறந்தேன். ஓடுகளுக்கு நடுவே என் முளைப்பாரி சட்டி இல்லாமலே சட்டி வடிவத்தில் உட்கார்ந்திருந்தது. உள்ளே துளைக்க முடியாத வேர்களெல்லாம் மண்ணுக்கும் ஓட்டுக்கும் இடையிலிருந்த சந்தில் புகுந்து, சுற்றிச் சுற்றிக் கூடை போலப் பின்னிக்கொண்டிருந்தன. குட்டை முளைகளில் ஒன்றுகூடச் சாயவில்லை. நாலைந்து குலவைகள் சேர்ந்துகொண்டன. ஒருத்தி அதற்குக் குங்குமம் வைத்தாள், இன்னொருத்தி போனில் படம் எடுத்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை.

சட்டியில்லாமல் அதைத் தூக்க என்னால் முடியவில்லை. அப்பா ஒரு பக்கம் பிடித்தார். தன் சட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அத்தை இன்னொரு பக்கம் பிடித்தாள். நான் நடுவில் கையை வைத்துக்கொண்டேன், சும்மா. தண்ணீரில் விட்டோம். கரைய வேண்டியது கரையவில்லை. முழுகிய படியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, நுனிகளை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பா காலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அத்தைக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“அடுத்த வருஷம் எனக்கும் ஒண்ணு இடிச்சுக் குடுண்ணே” என்றாள்.

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கே வரேம்மா” என்றார்.

அத்தை புதுவீட்டில் பால் காய்ச்சியபோது, அண்ணன் வரட்டும் என்று நல்ல நேரம் தாண்டும்வரை அடுப்பைப் பற்றவைக்காமல் காத்திருந்ததும், ஷிஃப்ட் முடிந்து ஓடிவந்த அப்பா வாசலில் காதில் விழுந்த ஒரு சுடுசொல்லுக்காகப் படியேறாமல் திரும்பிவிட்டதும், அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அவர் அந்த வீட்டைப் பார்க்கவே இல்லை என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. அன்று எனக்கு வந்தது கோபம். நடுவில் நான் நின்றுகொண்டிருக்கும்போது என்னிடம் சொல்லாமல் நேராகப் பேசிக்கொண்டால் என்ன அர்த்தம்? அதோடு அப்பா தப்பாகவும் பேசிவிட்டார். முளைப்பாரி அடுத்த வருஷம்தானே, நாளைக்கு எதற்குப் போக வேண்டும் என்று நாலு தடவை எடுத்துச் சொன்னேன். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. அம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் வாயில் ஒரு உருண்டை புளிசாதத்தைத் திணித்தாள். ஆடிக் காற்று அல்லவா, கண்ணில் மண் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.