மாணிக்கம் அண்ணன் முன்னால் நான் வைத்த கிளாஸ்

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் போனும் கையுமாக வந்து நின்றான். "அப்பா, மாணிக்கம் அங்கிள் தவறிட்டாராம். தூக்கத்துலயே." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். அவர் கேட்ட ஒரு வார்த்தையை இனி அவர் காதுபடச் சொல்ல முடியாதே என்ற பயம்.

இந்த டெக்சாஸ் ரவுண்ட் ராக் பூங்காவில் மாலையில் நடக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். திருச்சியில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இங்கே யார் கார் ஓட்டினாலும் பின் சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பார். நான் எட்டாவது ஃபெயில், மளிகைக்கடைக்காரன். அவரைச் சீண்டுவதுதான் அமெரிக்காவில் எனக்கு உத்தியோகம்.

"அண்ணே, பிரேக் முன்னாடி சீட்டுல இருக்கு."

"உங்க வாய்க்குத்தான்யா எங்கயுமே இல்ல."

போன வசந்தத்தில் என் மகனும் மருமகளும் என்னையும் அண்ணனையும் பிரெடரிக்ஸ்பர்க் கூட்டிப் போனார்கள். அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கட்டிய ஊர். பண்ணைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்தால் தங்குவதற்கென்றே கட்டிய குட்டி வீடு ஒன்றை அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வாரத்துல ஒரு நாள் ஒழுங்கா இருக்க ஒரு வீடு. எனக்கெல்லாம் தினமும் வேணும்யா" என்றார். புரியாமலே சிரித்து வைத்தேன்.

பிறகு ஒரு வைனரி, வைன் செய்து விற்கும் தோட்டம். சின்னவர்கள் உள்ளே வைன் ருசி பார்க்கப் போனார்கள். நாங்கள் வெளியே மரத்தடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தோம். வெயிலுக்கு அண்ணன் கண்ணயர்ந்தார். பக்கத்து மேஜையில் யாரோ பாதி குடித்துவிட்டுப் போன சிவப்பு வைன் கிளாஸை எடுத்து அவர் கையருகே வைத்தேன். படம் பிடித்தேன். "அண்ணன் ஜெர்மன்காரர் ஆயிட்டாரு" என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நீங்களும் சிரித்தீர்கள்.

நாலு நாள் கழித்து போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

"ஒரு காலத்துல நான் நிறைய குடிச்சவன்யா. வீட்டுக்காரி தவறிப்போன அன்னிக்கு விட்டேன். அந்த நம்பிக்கையிலதான் என் பொண்ணு கலா என்னை இங்க கூட்டிட்டு வந்தா. போட்டோவ யாரோ காட்டிட்டாங்க. இப்ப பேத்திப் பாப்பாவ ஸ்கூல் பஸ்ல இருந்து இறக்கிக் கூட்டிட்டு வர என்னை விடமாட்டேங்குறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அட, விளையாட்டுக்குப் பண்ணது அண்ணே. நாளைக்கே சொல்லிடறேன்."

அந்த நாளை வரவே இல்லை. கலா டாக்டர். அவள் ரெண்டு வார்த்தை திட்டுவாள், என் மகன் காதுக்குப் போகும், மருமகள் முன்னால் தலைகுனிய வேண்டும். அவ்வளவுதான் காரணம். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்காததால் மறந்துவிட்டார் என்று வசதியாக நினைத்துக்கொண்டேன். தினமும் மூன்று மணிக்கு மஞ்சள் ஸ்கூல் பஸ் வருவதை அவர் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

அவர் உடலைக் கடைசியாகப் பார்க்கப் போன இடத்தில் கலாவிடம் சொன்னேன். "அந்த கிளாஸ் நான் வச்சதும்மா. அவர் தொடவே இல்ல."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்பாவும் அதத்தான் சொன்னாரு அங்கிள். நான்தான் நிக்க வச்சு வாய ஊதிக் காட்டுங்கன்னேன். ஊதிக் காட்டினாரு. அப்பவும் நம்பல."

படத்தைப் பார்த்துச் சிரித்த எல்லோருக்கும் சொல்கிறேன்: மாணிக்கம் அண்ணன் குடிக்கவில்லை. கேலி செய்யத் தெரிந்த எனக்கு அதைச் சொல்லத் தைரியமில்லை.

அந்தப் படத்துக்குப் பிறகும் அவர் ஒரு மாலைகூட பெஞ்சில் எனக்கு இடம் விடாமல் உட்கார்ந்ததில்லை. தாமதமாகப் போனாலும் துண்டைப் போட்டுப் பிடித்து வைத்திருப்பார். அந்த இடம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது. இரண்டு நாளாகப் பூங்காவுக்குப் போகிறேன். அங்கே உட்கார முடியவில்லை.