டேஷ்போர்டுக்கு மொட்டை

கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் தாட்சாயிணி. தூங்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு, இடது கையை மட்டும் டேஷ்போர்டின் மேல் மெல்ல ஓட்டிக்கொண்டு போகிறாள். விரல் ஒரு சுவிட்சில் தட்டுகிறது. "நீ இன்னாத்துக்கு கீற?" என்று அதையே கேட்கிறாள். அது என்ன பதில் சொல்லும், பாவம். கண்ணைத் திறக்காமலே அதன் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுகிறாள். குறி விழுந்த சுவிட்சுக்கு அன்றோடு ஆயுசு முடிந்தது.

மாங்காட்டில் கோயிலைத் தாண்டி உள்ளே போனால் அவளுடைய கார் வயரிங் ஷெட். குடும்ப நிலமெல்லாம் அடுக்குமாடியாக எழும்பிவிட, மிச்சம் நின்ற மூலையில் தகரம் போட்டுக்கொண்டாள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காதில் செருகிய டெஸ்டர். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின் சீட்டுதான் வேண்டும். அவர் இண்டிகேட்டர் போடாமல் திரும்பினால் இவளுக்கு வாய் சும்மா இருக்காது. அடக்கம் என்பது அவள் பக்கத்தில் வராது. "நம்ம கை பட்ட வண்டி நட்ட நடு ரோட்ல நின்னுச்சுன்னு ஒரு ஆளு சொல்லட்டும், நான் கடைய மூடிட்டு ஊட்ல குந்திக்கிறேன்" என்பாள். இதுவரை கடை மூடப்படவில்லை.

அவளுக்கும் அடுக்குமாடிக்காரர்களுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. குழந்தைகள் தூங்குகிறார்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம், தயவுசெய்து ஹாரன் மட்டும் வேண்டாமே என்று அவர்கள் வந்து கேட்டுக்கொண்டார்கள். கொடுத்த வாக்கை இவள் மீறியதில்லை. ஷெட்டுக்குள் எந்த வண்டியும் ஹாரன் அடிக்காது.

இப்போது அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது ஆக்னஸ் டீச்சரின் காரில். பட்டாபிராமில் கணக்கு டீச்சர். அவர் கல்யாணம் வேண்டாம் என்றதைக்கூடச் சொந்தக்காரர்கள் மன்னித்துவிட்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பழைய ஜப்பான் வண்டி, இரண்டே சீட்டு, கழற்றி மாட்டும் கூரை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரே ஓட்டம். அந்த ஓட்டத்தை நினைத்துக்கொண்டுதான் வாரம் முழுக்க அல்ஜீப்ரா நடத்துகிறேன் என்பார்.

போன மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்தார். முழங்கை எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயின. மூன்று விரலால் டஸ்டர் பிடிக்கலாம், இட்லித் தட்டைத் தாங்கலாம். அந்தக் காரை ஓட்ட முடியவில்லை.

ஏனென்றால் அதன் டேஷ்போர்டு ஒரு திருவிழாக் கடை. முன்பு வைத்திருந்த ஒவ்வொருத்தரும் தங்கள் பங்குக்கு ஏதாவது மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நீல விளக்குக்கு ஒரு சுவிட்ச், பாட்டுப்பெட்டிக்கு ரிமோட் போதாதென்று நாலு குமிழ், எதையும் காட்டாத இரண்டு மீட்டர், மடக்கி வைக்கும் ஒரு குட்டி டிவி. இரண்டு சீட்டுக்கும் நடுவே மர ஸ்டிக்கர் ஒட்டிய பெரிய பெட்டி வேறு. டீச்சரின் முழங்கை அதில் இடிக்கும், கியர் நழுவும். வைப்பர் சுவிட்சைத் தேடிக் குனிந்த நேரத்தில் பூந்தமல்லி சாலையின் நடுத்தடுப்பில் மோதப் பார்த்தார். அதோடு அவருடைய தம்பி முடிவு கட்டிவிட்டார்: வண்டியை விற்றுவிட வேண்டியதுதான். பழைய கார் வாங்கி விற்கும் மணவாளனிடம் பேச்சும் முடிந்தது. ஞாயிறு காலை அவர் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

டீச்சர் தாட்சாயிணியிடம் வந்து, "கையை இனி மாத்த முடியாதாம். வண்டியை மாத்த முடியுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியலன்னா விட்டுடு தாட்சா, நான் மனசைத் தேத்திக்கிறேன்" என்றார்.

தாட்சாயிணிக்குச் சுருக்கென்றது. அவர் மனசைத் தேற்றிக்கொள்வதாவது. "கண்ணு ரோட்டுக்கு, டீச்சர். டேஷ்போர்டுக்கு கையி போதும். கையி தேடிகினு போற மாதிரி ஒரு சாமானும் இதுல இருக்காது, பாத்துக்க" என்றாள்.

குறி விழுந்ததெல்லாம் வெளியே வந்தது. செத்த வயர் மட்டும் ஒரு சாக்கு மூட்டை. நடுப்பெட்டியை அறுத்துத் தொடை உயரத்துக்கு இறக்கினாள். முழங்கைக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. கியர் தலைக்கு உள்ளங்கை கொள்ளும்படி உருண்டையாக ஒன்று கடைந்து வாங்கிவந்தாள். விளக்குக்கு உருண்டைச் சுவிட்ச், வைப்பருக்குத் தட்டை, காற்றுக்குத் திருகு என்று தொட்டாலே தெரிகிற மாதிரி தள்ளித் தள்ளி வைத்தாள். மீட்டர்களில் உண்மை பேசுகிறவை மட்டும் பிழைத்தன. பிறகு டீச்சரைச் சீட்டில் உட்காரவைத்து, கண்ணைத் துணியால் கட்டி, லைட்டு போடு, வைப்பர் போடு, மூணாவது கியருக்கு வா என்று விரட்டினாள். டீச்சர் ஒன்றிலும் தவறவில்லை. ஹாரனை மட்டும் இருவரும் தொடவில்லை. ஒப்பந்தம் இருக்கிறதே.

ஞாயிறு காலை மணவாளன் வந்தார். எட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாம்மா இது, வண்டிக்கு மொட்டை அடிச்சி வெச்சிகீற?" என்றார்.

"வேண்டுதல்" என்றாள் தாட்சாயிணி. ஒரு சுற்றுப் போய்வரும்வரை உட்காரச் சொல்லி அவருக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டு, டீச்சருக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டாள். கூரை இல்லாத கார் சிட்டாய்ப் பறந்தது. இரண்டாவது, மூன்றாவது, மறுபடி இரண்டாவது. மூன்று விரலும் ஓர் உள்ளங்கையும் கியரை வெண்ணெயாய்ப் போட்டன.

குமணன்சாவடி முனை வந்தது. இடப்பக்கம் தண்ணீர் லாரி, எதிரே பஸ், நடுவில் எந்த நாட்டுச் சட்டத்துக்கும் கட்டுப்படாத ஷேர் ஆட்டோக்கள். டீச்சர் ஸ்டீயரிங்கின் நடுவில் உள்ளங்கையால் அழுத்தினார். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார். மூச்சே இல்லை.

தாட்சாயிணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டீயரிங் ஹாரன் என்றைக்கோ செத்து, முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் தனியாக ஒரு சிவப்புச் சுவிட்ச் மாட்டியிருந்தார். அதற்கும் இவள்தான் குறி போட்டாள். ஹாரன் ஸ்டீயரிங்கிலேயே அடிக்கும் என்று இவள் நினைத்தாள். தாட்சா அங்கே மாற்றியிருப்பாள் என்று டீச்சர் நினைத்தார். மெட்ராஸ் ரோட்டில் ஹாரன் இல்லாத கார். பெருமை பீற்றிய வாய்க்கு நல்லா வேணும்.

யோசிக்க நேரமில்லை. சீட் பெல்ட்டோடு எக்கி எழுந்து, கதவின் வெளித்தகட்டைப் படபடவென்று தட்டினாள். "வண்டில ஹாரன் இல்ல நைனா, வயி வுடு. டீச்சரு வருது, வயி வுடு" என்று எட்டூருக்குக் கேட்கக் கத்தினாள். ஆட்டோக்காரர் ஒருவர் சிரித்தேவிட்டார். சிரித்துக்கொண்டே பிரேக் போட்டார்.

டீச்சர் இவள் பக்கம் திரும்பவில்லை. கீழே எதையும் தேடவில்லை. கண் ரோட்டை விட்டு இம்மியும் நகரவில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வழி திறந்த நொடியில் கை தானாக இரண்டாவது கியருக்கு இறங்கியது. சிவப்பு வண்டி சர்ரென்று முனையைக் கடந்து வெளிச்சத்தில் நின்றது. டீச்சர் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்துத் தாட்சாயிணி பார்த்ததில்லை. தப்பு செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் அவள் வாழ்க்கையில் வேறு கிடையாது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மணவாளன் ஸ்டூலை விட்டு எழுந்து, சாவிக்காகக் கையை நீட்டினார்.

"இல்ல சார். இது என் வண்டி. நானே ஓட்டிக்கிறேன்" என்றார் ஆக்னஸ் டீச்சர்.

மணவாளன் நம்பாமல் தாட்சாயிணியைத் தேடினார். அவள் அதற்குள் ஹாரனுக்கு வயர் இழுக்கத் தலைகீழாகச் சரிந்து டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்திருந்தாள். இரண்டு கால்கள்தான் வெளியே தெரிந்தன. ஏம்மா, பேசி முடிச்ச வண்டி, நீயாச்சும் சொல்லக்கூடாதா என்று அந்தக் கால்களிடமே அவர் முறையிட்டார். கிரீஸ் அப்பிய ஒரு கை மட்டும் வெளியே வந்து, உள்ளங்கையை விரித்து, அவர் முன்னால் நீண்டது. "அந்த கட்டிங் பிளேயர எடு நைனா." மணவாளன் குனிந்து, தரையில் கிடந்த கட்டிங் பிளேயரை எடுத்து அதில் வைத்தார்.