தாண்டவராயன் கொண்டுவந்த ஒயின்

திண்டிவனத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தாண்டவராயனுக்கு இரண்டு பழக்கங்கள். கண்ணாடிமேல் காகிதம் ஒட்டியிருந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. சோடா உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறு வேலை. இன்னொன்று, சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, மனைவி செண்பகத்தின் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டுவது. குடியை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஊதுவதை மட்டும் விட அவள் விடவில்லை.

"இன்னொரு வாட்டி நாத்தம் வந்துச்சி, விழுப்புரம் பஸ்ஸு ஏறிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். விழுப்புரத்தில் அவள் தம்பி வீடு. முன்பு ஒருமுறை ஏறிப் போனவள், மழைக்காலம் முடிந்துதான் திரும்பினாள். அதுவரை அவர் தானே சமைத்துச் சாப்பிட்டார். ஆகையால் அந்தப் பேச்சில் அவருக்கு முழு நம்பிக்கை உண்டு.

புதுச்சேரியில் ஒரு தனியார் அருங்காட்சியகம் இத்தாலி நாட்டு அலங்காரக் கண்ணாடிப் பொருட்களைக் கண்காட்சியாக வைத்தது. அவற்றை வைக்கும் பெட்டிகளைச் செய்தவர் தாண்டவராயன். திறப்பு விழாவன்று, பொறுப்பாளர் கலைப்பிரியா அவர் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தாள். அதில் ஒட்டியிருந்த தாளின் மேல்பாதியில் பூஞ்சாடிப் படமும் 'நினைவு ஒயின்' என்ற எழுத்தும். கீழ்ப்பாதியில் வேலை பார்த்தவர்களின் பெயர்கள். அவற்றில் ஒன்று: 'கண்ணாடிப் பெட்டிகள் – தாண்டவராயன், திண்டிவனம்.'

கடைப் பலகையில்கூட அவர் அப்பா பெயர்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஊர் திரும்பும்போது, தமிழ்நாட்டு எல்லையில் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறிப் பையைத் திறந்தார்.

"இன்னா பெரியவரே இது?"

"ஒயினுங்க. நான் குடிக்கிறதில்லீங்க."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எறங்கு, ஊத்து."

"ஊத்திடறேன் சார். மேல ஒட்டிக்கிற தாளு மட்டும் நனையக் கூடாது. அதுல என் பேரு கீது."

போலீஸ்காரர் படித்துப் பார்த்தார். மரியாதைக்குத் தாமே வாங்கிச் சாய்த்து ஊற்றினார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. தாள் நனையவில்லை. வேட்டி நனைந்தது.

பாட்டிலில் வாடை போகவில்லை. கழுவிக்கொண்டு போகலாம் என்று தாண்டவராயன் முதலில் கடைக்குப் போனார். பாட்டிலைச் சோடா உப்புத் தண்ணீரில் போட்டார். கை தன்பாட்டுக்குப் பிளேடை எடுத்தது. மேல்பாதி போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மிச்சத்தை நோகாமல் உரித்து உலர்த்தி, பிரேம் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"ஊது" என்றாள் செண்பகம்.

ஊதினார். வாயில் வாடை இல்லை. அவள் குனிந்து வேட்டியை மோந்தாள்.

"போலீஸு ஊத்துனாரு. காட்சிக்காரங்க குடுத்த ஒயினு. இத பாரு, என் பேரு."

அவள் பிரேமை வாங்கி நிதானமாகப் படித்தாள். "பேரு கீது. ஒயினுன்னு எங்கய்யா போட்டுக்குது?"

"அத நான் சொரண்டிட்டேன்."

குடிக்கவில்லை என்று காட்ட, கொண்டுவந்தது ஒயின்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. செண்பகம் தன் புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். "காலைல மொதல்ல புதுச்சேரி. பொய்யின்னா அங்கேர்ந்தே விழுப்புரம் பஸ்ஸு."

மறுநாள் எல்லையில் அதே போலீஸ்காரர் ஏறினார். தாண்டவராயனைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா பெரியவரே, வேட்டிய தொவைச்சாச்சா? நேத்து அரை பாட்டில் அதுதான் குடிச்சிச்சி."

செண்பகம் பையைக் காலடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விழுப்புரம் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அருங்காட்சியகத்தில் கணவர் செய்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றின் மூலையில் 'தொடாதீர்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. தாண்டவராயனின் விரல் அதை நோக்கிப் போனது. அவள் அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். கதையைக் கேட்ட கலைப்பிரியா இன்னொரு பாட்டிலை நீட்டினாள்.

"பாட்டிலு வேணாம்மா" என்றாள் செண்பகம். "அந்தத் தாளுல ரெண்டு குடு. ஒண்ணு வூட்ல மாட்ட. ஒண்ணு இவுரு சொரண்ட."