நான் இளைத்ததும் அக்கா பயந்ததும்

எங்கள் வீட்டில் ஆரோக்கியத்தைக் கண்ணால்தான் எடை போடுவார்கள். கன்னம் உப்பியிருந்தால் நன்றாக இருக்கிறான். சட்டை தொளதொளத்தால் ஏதோ சரியில்லை. ‘உடம்பு வெச்சிருக்கே’ என்பதைவிடப் பெரிய பாராட்டைச் சிறுவயதில் நான் கேட்டதில்லை. அதை நம்பியே ஐம்பது வயதுவரை தொப்பையை வளர்த்தேன்.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று நான் இருக்கும் தீவில், கெலுகோரில் ஒரு டாக்டர் கண்டித்த பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. தினமும் காலையில் நடந்தேன். காலைப் பசியாறலுக்குத் தின்னும் இரண்டு ரொட்டி சானாய் ஒன்றாயிற்று; பிறகு அதுவும் போயிற்று. நுரை பொங்க இழுத்து ஆற்றும் டீயை, தே தாரிக்கை மட்டும் சீனி குறைத்து வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் விட நான் என்ன சாமியாரா? எட்டு மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைந்தது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். மமதை என்றால் அப்படியொரு மமதை.

அந்த மமதையோடு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனேன். ஒருவரும் பாராட்டவில்லை. தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, “என்னண்ணே, சுகமில்லையா?” என்று விசாரித்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் தாசேக் கெலுகோரிலிருந்து வந்திருந்த என் அக்கா மட்டும் எதுவும் கேட்கவில்லை. என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தானே கெரேத்தா ஓட்டிக்கொண்டு கடல் பாலம் தாண்டி வந்துவிட்டாள். டிபன் கேரியர் நிறைய கம்போங் நாட்டுக்கோழி ரசமும் முருங்கைக்கீரைப் பொரியலும். அதைக் கீழே வைத்த கையோடு என் மணிக்கட்டைப் பிடித்து விரலால் அளந்தாள்.

“மறைக்காம சொல்லு தம்பி. எந்த ஸ்டேஜு?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “டயட்டுக்கா! நல்லாத்தான் இருக்கேன் லா!”

“அப்பாவுக்கு முடியாம இருந்தப்பவும் இப்படித்தான் சிரிச்சே.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா புற்றுநோயில் இளைத்துக்கொண்டே வந்தபோது அக்காவுக்கு நிறைமாதம். பிள்ளைத்தாய்ச்சியிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்று எல்லாரும் கூடி முடிவெடுத்தோம். வெறும் அல்சர்தான் என்று அவளிடம் சொல்ல அனுப்பப்பட்டவன் நான். நோயின் பெயரைச் சொல்லாமலிருப்பதுதான் பாசம் என்று எங்களுக்குப் பழக்கம். அக்கா கைக்குழந்தையோடு வந்து பார்த்தபோது அப்பா பேசும் நிலையில் இல்லை.

இனி என் வாய்ச்சொல் எடுபடாது என்று புரிந்தது. அடுத்த பரிசோதனைக்கு அக்காவையும் அழைத்துப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டை விரித்து, சர்க்கரை முதல் கொழுப்பு வரை ஒவ்வொன்றாகக் காட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கடைசியில் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இவன் சொல்லிக் கொடுத்துத்தான் இப்படிச் சொல்கிறீர்களா? டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கெரேத்தாவில் ஏறி சீட் பெல்ட்டை மாட்டியபடி கேட்டாள். “அப்பாவப் பாக்கவும் இப்படி என்னையக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்ல?”

“தப்புதான்க்கா. சொல்லியிருக்கணும்.”

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அன்றுதான். அக்கா கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தாள்.

“அடுத்த தடவ எனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லு” என்றாள். “ரிசல்ட்டுல என்ன வந்தாலும் மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும்.”