மைக்கை மூடச் சொன்னது நான்

ஹமீதா டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மல்லிகா அனுப்பியிருந்த செய்தி இரண்டே வரி. "அண்ணே, நம்ம ஹமீதா டீச்சர் காலைல தவறிட்டாங்க. மதியம் லுஹர் தொழுகைக்கப்புறம் அடக்கம்." கடைக்காரர் கொடுவா மீனைத் தூக்கிப் பிடித்தபடி, "தலைய என்ன செய்ய அண்ணே?" என்று இரண்டு முறை கேட்டார்.  அந்த நேரத்தில் என் மனத்தில் முதலில் எழுந்தது துக்கம் இல்லை. இனி இந்தச் சந்தையில் ஒருவர் கண்ணில் படாமல் ஒதுங்கி நடக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. அரை நொடிதான் இருந்தது. ஆனால் இருந்தது.

டீச்சரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளியின் பெற்றோர் குழு நினைவு மலர் போடுவதாகவும், நான் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றும் கேட்டீர்கள். "நம்ம பிள்ளைங்கள முதன்முதலா ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போனவர் நீங்கதானே" என்றீர்கள். கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். அங்கே நான் செய்தது தெரிந்திருந்தால் என்னிடம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஒரு ஹாக்கி சங்கத்தில் தொண்டூழியனாக இருந்தேன். இறுதி ஆட்டத்தின் தொடக்க நிகழ்ச்சி என் பொறுப்பு. அந்த ஆண்டு தேசிய கீதத்தை உடற்குறையுள்ள பிள்ளைகள் பாடினால் நன்றாக இருக்கும் என்று செயற்குழுக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நல்ல படம் கிடைக்கும் என்று இன்னொருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். அப்படித்தான் ஹமீதா டீச்சரைத் தேடிப் போனேன். சிறப்புப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இசை கற்றுக்கொடுத்தவர். மெலிந்த உருவம். சாம்பல் நிறத் தலைத்துணி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி.

"ஏன் சார், எங்க பிள்ளைங்க?" என்றார்.

"மனசத் தொடுற மாதிரி இருக்கும் டீச்சர்" என்றேன்.

"மனசத் தொடுறதுக்கு வேற ஆளப் பாருங்க. பாட்டுப் பாடறதுக்குன்னா எங்க பிள்ளைங்க வருவாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. விலாசம் தவறி வந்தவருக்கு வழி சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வகுப்பறைக்கு வெளியே போட்டார். "இங்க உக்காந்து கேளுங்க. கேட்டுட்டு, வேணும்னா உள்ள வாங்க. வேணாம்னா அப்படியே போயிடலாம், நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்." கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே அவர்கள் பாடினார்கள். ஒரு சிறுமியின் குரல் சுத்தமாக, மற்ற குரல்களைத் தாங்கிக்கொண்டு போனது. அடியில் ஒரு பையனின் கனத்த குரல், கொஞ்சம் பின்தங்கியே வந்தது. மொத்தத்தில் எனக்குப் பிடித்திருந்தது. உண்மையாகவே பிடித்திருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனேன். ஏழு பிள்ளைகள். அந்தச் சிறுமிக்குக் கண் தெரியாது. பெயர் தர்ஷினி, வயது பதினொன்று. கனத்த குரல் வெய் ஜியே என்ற சீனப் பையனுடையது. சக்கர நாற்காலியில் இருந்தான்; வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், சொற்கள் மெதுவாகத்தான் வரும். மறுபடியும் பாடச் சொன்னேன். அதே பாட்டு, அதே பிள்ளைகள். ஆனால் இந்த முறை எனக்குத் தவறுகள்தான் கேட்டன. பார்த்த பிறகு என் காது மாறிவிட்டது. டீச்சர் என் முகத்தைக் கவனித்தார் என்றே நினைக்கிறேன். 

பெற்றோர்களில் எல்லாருக்கும் இதில் சம்மதம் இல்லை. தர்ஷினியின் அம்மா மல்லிகா, ஊழியர் அறையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நேராகவே சொன்னார். "வேணாம் லா டீச்சர். அத்தன பேரு முன்னாடி நிக்க வெச்சு, எல்லாரும் ஐயோ பாவம்னு பாப்பாங்க. வீட்டுக்குப் போனதும் மறந்துடுவாங்க. எம்பொண்ணு என்ன, காட்டுற பொருளா?"

டீச்சர் அவரைச் சமாதானப்படுத்த முயலவில்லை. "பாவம்னு பாக்குறவங்க இருப்பாங்க மல்லிகா. அவங்க கண்ணுக்கு நான் பொறுப்பு இல்ல. நல்லாப் பாட வைக்கிறதுக்குத்தான் நான் பொறுப்பு" என்றார். பிறகு தர்ஷினியை அழைத்து, "உனக்கு எப்படி?" என்று கேட்டார்.

"நான் பாடுறேன்மா" என்றாள் அந்தப் பெண். "அவங்க எப்படிப் பாக்குறாங்கன்னு நான் பாக்கப் போறதில்லையே."

மல்லிகா சிரித்துவிட்டார். டீச்சர் என்னிடம் மூன்று நிபந்தனைகள் வைத்தார். ஒன்று, அறிவிப்பில் பள்ளியின் பாடற்குழு என்று மட்டும் சொல்ல வேண்டும். யாருக்கு என்ன குறை என்று சொல்லக் கூடாது. இரண்டு, பாடி முடித்ததும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பக் கூடாது. அவர்களும் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மூன்று, நன்றாகப் பாடாவிட்டால் நன்றாக இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் ஒப்புக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை ஒத்திகை. ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துக்கொண்டு டீச்சர் போயிருந்தார். நேரமாகிறது என்று நான் அவசரப்பட்டு, அவர் வருவதற்குள் பாடச் சொன்னேன். பின்னணி இசை ஒலித்தது. பாடினார்கள். எல்லாரும் நிறுத்திய பிறகும் வெய் ஜியே கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டே இருந்தான். வெறும் அரங்கத்தில் அந்த ஒற்றைக் குரல் சுற்றி வந்தது. படிக்கட்டில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.  தேசிய கீதத்தைச் சரியாகப் பாட வேண்டும் என்று விதி இருக்கிறது. நாளை சிறப்பு விருந்தினர் வருகிறார். யார் பதில் சொல்வது? இந்தக் காரணங்களையெல்லாம் பிறகுதான் தேடிப் பிடித்தேன். அந்த நொடியில் எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. அந்த இருவர் சிரித்ததைப் போல நாளை என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒலியமைப்பைக் கவனித்துக்கொண்ட ரஷீத்திடம் போனேன். வேறொரு பள்ளி மாணவர்கள் பாடிய ஒலிப்பதிவு எங்களிடம் இருந்தது. நாளை அதைப் போட்டுவிட்டு, பிள்ளைகளின் மைக்குகளை மூடிவிடச் சொன்னேன்.

"டீச்சருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரிய வேணாம்" என்றேன்.

செயற்குழுவில் யாரும் என்னிடம் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளில் பலமுறை யார் தலையிலாவது இதைச் சுமத்திப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் ஒழுங்காக நின்றார்கள். எல்லாரும் எழுந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்கியது. எங்கேயும் பிசகாத, பளபளப்பான குரல்கள். இரண்டாவது வரியில் தர்ஷினி பாடுவதை நிறுத்திவிட்டாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். பிறகு வாயை மூடி நின்றாள். மற்ற ஆறு பேரும் பாடிக்கொண்டே இருந்தார்கள். டீச்சரின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றதைப் பார்த்தேன். தேசிய கீதம், அத்தனை பேரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், அவரால் நிறுத்த முடியாது. கையை அசைத்துக்கொண்டே போனார். கடைசிச் சொல்லில் கையை இறக்கினார். வெய் ஜியேயின் வாய் சரியாக அந்த இடத்தில் மூடியது.

பலத்த கைத்தட்டல். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விருந்தினர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர்கள் யாரும் அந்தப் பிள்ளைகளின் குரலைக் கேட்கவே இல்லை. பார்த்ததை வைத்தே அழுதுவிட்டார்கள்.

படிக்கட்டுக்குக் கீழே இருந்த நடைவழியில் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தார். தர்ஷினி அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள். "மிஸ், ஸ்பீக்கர்ல வந்தது நாங்க இல்ல" என்றாள். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"மைக்ல ஏதோ பிரச்சினை டீச்சர். கடைசி நேரத்துல" என்றேன்.

அவர் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. "திங்கக்கிழமை பத்து மணிக்கு ஸ்கூலுக்கு வாங்க சார். என்ன நடந்துச்சோ, அத நீங்களே பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க" என்றார். வருகிறேன் என்றேன். பிறகு அவர்களை இருக்கைகளுக்கு அழைத்துப் போய், ஆட்டம் முடியும் வரை உட்கார்ந்து பார்த்தார்.

திங்கட்கிழமை நான் போகவில்லை. சங்கத்தின் தொப்பிகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் ஏழு பைகளில் போட்டு, நன்றி அட்டை வைத்து ஆள் மூலம் அனுப்பினேன். பத்தேகாலுக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. "பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க சார்." அலுவலக மேசையில் உட்கார்ந்து அதைத் திறந்து படித்தேன். நான் படித்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். பதில் போடவில்லை.

அதன் பிறகு அவர் இருக்கும் பக்கமே நான் போகாமல் பார்த்துக்கொண்டேன். அவர் வீடு ஜாலான் புசாரில். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்குக் காய்கறி வாங்க வருவார். சாம்பல் தலைத்துணி எங்கே தெரிந்தாலும் அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுவேன். ஒருமுறை பூக்கடைக்குப் பக்கத்தில் தப்பிக்க வழியில்லாமல் எதிரெதிரே நின்றுவிட்டோம்.

"என்னைப் பாத்து ஏன் சார் ஓடுறீங்க? நீங்க சொல்ல வேண்டியது என்கிட்ட இல்லையே" என்றார்.

பிள்ளைகள் நன்றாகப் பாட மாட்டார்கள் என்று பயந்துவிட்டதாக அப்போதுதான் அவரிடம் முதன்முதலாக ஒப்புக்கொண்டேன். அவர் பையைத் தரையில் வைத்துவிட்டுப் பேசினார். "அவங்க பாடணுமா, வேணாமான்னு நீங்க கூட்டம் போட்டுப் பேசுனீங்க. வேணாம்னே சொல்லியிருக்கலாம் சார். நாங்க எங்க வகுப்புல பாடிட்டு இருந்திருப்போம். கூப்புட்டு நிக்க வெச்சுட்டு, குரல மட்டும் எடுத்துட்டீங்க. தப்பாப் பாடியிருந்தா அது அவங்க தப்பு. அடுத்த தடவ திருத்திக்குவாங்க. அதையும் நீங்க அவங்களுக்குக் குடுக்கல." சுற்றி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

இறந்த செய்தி வந்த அன்று சந்தையிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். உடலை அடக்கத்துக்குச் சுவா சூ காங் கொண்டுபோன பிறகு, தூண் ஓரமாக மல்லிகாவும் தர்ஷினியும் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினிக்கு இப்போது பத்தொன்பது வயது. என் குரலைக் கேட்டதும் எழுந்து கை நீட்டினாள். "செல்வம் அங்கிளா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு ஸ்டேடியத்துல உங்க குரல் ஏன் வரலன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். டீச்சர் அந்தத் திங்கக்கிழமையே சொல்லிட்டாங்களே. 'நம்ம மைக்கை மூடிட்டாங்க. போறதுக்கு முன்னாடி நான் சரியாப் பாத்திருக்கணும், பாக்கல. என்னை மன்னிச்சிடுங்க'ன்னு ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சுக் கேட்டாங்க. யாரு மூடுனாங்கன்னு நாங்க கேட்டோம். அவங்க சொல்லவே இல்ல."

"மூடச் சொன்னது நான்தான்மா."

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தார். தர்ஷினி என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டாள்.

"நாங்க தப்பாப் பாடுவோம்னா?"

"தப்பாப் பாடினா என்னைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு."

பரவாயில்லை அங்கிள் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அதை எதிர்பார்த்ததற்கும் வெட்கப்படுகிறேன். அவள் சொல்லவில்லை. "அதுக்கப்புறம் வெய் ஜியே மைக் முன்னாடி பாடவே இல்ல, அங்கிள். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. தன்னாலதான் மூடுனாங்கன்னு அவன் நெனைச்சுக்கிட்டான். நீங்க அவன்கிட்ட போய்ச் சொல்லணும்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை தோ பாயோவில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தேநீர் வைத்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்த இருவரைப் பற்றியும் சொன்னேன். வெய் ஜியே நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பதில் சொன்னான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "கடைசிச் சொல்லில் நான் இழுப்பேன். எனக்கே தெரியும். டீச்சர் கையை இறக்கினால் நிறுத்திவிடுவேன். ஒத்திகையில் டீச்சர் இல்லை." பிறகு, "நீங்கள் டீச்சரிடம் கேட்டிருக்கலாம்" என்றான்.

கேட்டிருக்கலாம். அவர் கழிப்பறையிலிருந்து திரும்பி வர இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை விளையாட்டு நிகழ்ச்சிகளில் தேசிய கீதம் பாட அழைக்கலாமா என்று உங்களில் சிலர் இப்போதும் என்னைக் கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதியை நான் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டேன். தர்ஷினியைக் கேளுங்கள். மல்லிகாவையும் கேளுங்கள், அவர் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்வார், அவருக்குக் காரணம் இருக்கிறது.

ஹமீதா டீச்சர் ஒரு திங்கட்கிழமை காலையில், நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நின்று, ஏழு பிள்ளைகளின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். தான் செய்யாத தவறுக்குக் கேட்டார். என் பெயரைச் சொல்லாமல் கேட்டார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது மன்னிப்புக் கேட்கும் அந்தக் கடமைதான். அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன். இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள்.