பதினொரு தரம் அழிந்த படிவம்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆவணி மாதத்தில் நடந்தது இது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அந்த நாட்களில் காலையில் எழும்பும்போதே களைப்பாக இருக்கும். அந்தக் களைப்போடுதான் சனி, ஞாயிறுகளில் இன்னொரு வேலையையும் தலையில் போட்டுக்கொண்டேன்.

ஓட்டிசம் என்ற மதியிறுக்கம் போன்ற நிலைகளோடு வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகளின் தாய்மார் சிலர் சேர்ந்து, அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு வேலைவாய்ப்புச் சந்திப்பு ஒழுங்கு செய்திருந்தார்கள். பேக்கரி, அச்சகம், செடிகள் விற்கும் நாற்றுப்பண்ணை என்று ஏழெட்டு முதலாளிமார் வர ஒப்புக்கொண்டிருந்தார்கள். முப்பது பேருக்கு இடம். பதிவு செய்வதற்கு ஒரு செயலி வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். நானும் இணையத்தில் வாசித்து, பெரிய எழுத்து, கண்ணை உறுத்தாத நிறம் எல்லாம் போட்டு முடித்தேன். அதைப் பாவிக்கப்போகிற ஒருவரிடம்கூடக் காட்டிப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதிவு தொடங்கியது. படிவத்தைத் திறந்தவருக்குப் பதினைந்து நிமிடம் ஓர் இடம் ஒதுக்கப்படும். அதற்குள் முடிக்காவிட்டால் எழுதியது அழிந்து, இடம் அடுத்தவருக்குப் போகும். அது நான் வைத்த விதி. மத்தியானம் பார்த்தால் ஒரே தொலைபேசி எண்ணிலிருந்து பதினொரு தடவை படிவம் திறக்கப்பட்டிருந்தது. ஒரு தடவைகூட முடிக்கப்படவில்லை. யாரோ வேண்டுமென்றே இடத்தைப் பிடித்து வைத்து விளையாடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எண்ணைத் தடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பின்னேரத்துக்குள் முப்பது இடமும் நிரம்பிவிட்டது.

அடுத்த நாள் ஒரு தகப்பன் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். வட்டுக்கோட்டைப் பக்கம் தோட்டம் செய்பவர். தாய்மாரிடம் விசாரித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"பிள்ளை, இது பழுதோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுறீங்களோ? ரெண்டு கடையில குடுத்துப் பாத்திட்டன். ஒரு பிழையும் இல்லையெண்டு சொல்லுறாங்கள். மகள் நேற்றுத் தொடக்கம் சாப்பிடுறாளில்லை. 'நான் என்ன பிழை விட்டனான்' எண்டு திருப்பித் திருப்பிக் கேக்கிறாள்."

திரையில் "உங்கள் எண் தடைசெய்யப்பட்டுள்ளது" என்று நின்றது. நான் எழுதிய வசனம். அவர் சண்டைக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். போனில்தான் பிழை என்று நம்பி வந்து நின்றார். எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "வேலை முடிய வீட்டை வந்து பாக்கிறன் ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

அன்று பின்னேரம் நான் அங்கே போனபோது மகள் முற்றத்தில் செடிச் சாடிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வயது. உயர்தர வகுப்புப் படித்து முடித்து ஐந்து வருடமாக வீட்டிலேயே இருக்கிறாள். அந்த நாற்றுப்பண்ணையில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. நான் தடையை எடுத்துவிட்டு, மூடியிருந்த படிவத்தைத் திறந்து, இன்னொரு தடவை நிரப்பிக் காட்டச் சொன்னேன். என் முகத்தைப் பாராமல் எழுதத் தொடங்கினாள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் பிறந்ததிலிருந்து அவள் தொடங்கினாள். படித்த பள்ளிக்கூடங்கள், ஆசிரியர்கள், வளர்க்கும் செடிகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. மேலே சிவப்பு எழுத்தில் கடிகாரம் குறைந்துகொண்டே போனது. பதினைந்தாவது நிமிடம் எல்லாம் அழிந்தது. அவள் முதல் வரியிலிருந்து அதே சொற்களை மறுபடி எழுதத் தொடங்கினாள்.

கடிகாரத்தை நிறுத்தினேன். இந்தத் தடவை கடைசிவரை போனாள். "உறுதியாகச் சமர்ப்பிக்கிறீர்களா?" என்று கேட்டது திரை. "இல்லை" என்று அழுத்தினாள்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"உறுதியாச் சொல்லேலாது. அண்டைக்கு மழை பெய்தால் அப்பா விடமாட்டார்."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. தகப்பன் பக்கத்தில் நிற்க, "உங்கடை எண்ணைத் தடுத்தது நான்தான். பதினொரு தரம் வந்ததாலை, ஆரோ ஏமாத்தீனம் எண்டு நினைச்சிட்டன்" என்றேன்.

"பதினொரு தரமும் நீங்கள்தானே அழிச்சனீங்கள்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டாள்.

தகப்பன் உள்ளே போய்விட்டார்.

இன்னும் ஓர் இடம் தரும்படி தாய்மாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். காத்திருப்போர் பட்டியலிலேயே இருபது பேர் இருந்தார்கள். அந்தச் சந்திப்பு அவள் இல்லாமலே நடந்தது.

அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தகப்பன் முதல் மூன்று தடவையும் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் தடவை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மகள் ஒவ்வொரு திரையையும் பார்த்து, விளங்காததைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் சொன்னாள். எத்தனை வரி எழுத வேண்டும் என்று போடச் சொன்னாள். கடைசியில் "அனுப்பு" என்ற ஒரு பொத்தான் போதும் என்றாள். ஒரு கேள்வியும் அவளே சேர்க்கச் சொன்னாள்: "உங்களுக்கு எந்தச் சத்தம் தாங்க முடியாது?"

அடுத்த சந்திப்புக்கு அவள் ஆறு நிமிடத்தில் பதிவு செய்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் சந்திப்பு நடந்த அன்று மண்டப வாசலில் ஒலிபெருக்கியை அலறவிட்டிருந்தார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். பஸ் தரிப்பிடத்தில் தகப்பனோடு நின்றாள்.

"நான் எழுதினனான்" என்றாள்.

எழுதித்தான் இருந்தாள். ஒலிபெருக்கிச் சத்தம் என்று தெளிவாக எழுதியிருந்தாள். முப்பது பேரின் பதில்களும் செயலிக்குள் பத்திரமாகக் கிடந்தன. நான் உட்பட ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பிப் போய் நாற்றுப்பண்ணைக்காரரைக் கூப்பிட்டேன். "வெளியிலயோ?" என்று சலித்துக்கொண்டுதான் வந்தார். தரிப்பிடத்து வாங்கில் பலகையில் உட்கார்ந்து அவரும் அவளும் கதைத்தார்கள். அவர் மூன்று கேள்வி கேட்டார்; அவள் ஒன்பது கேட்டாள். இரண்டு பஸ்களை விட்டுவிட்டு, தகப்பனும் மகளும் மூன்றாவதில் ஏறினார்கள். இப்போது அவள் கிழமையில் மூன்று நாள் காலையில் அந்த நாற்றுப்பண்ணைக்கு வேலைக்குப் போகிறாள். முழுநேர வேலை இன்னும் கிடைக்கவில்லை.

என் களைப்பு இன்னும் குறையவில்லை. ஆனாலும் ஒரு படிவத்தைச் செய்து முடித்தோம் என்று கணினியை மூடப் போகும்போதெல்லாம், வெயிலில் நின்று "நான் எழுதினனான்" என்று அவள் சொன்னது காதில் கேட்கும். திரும்ப உட்கார்ந்து வந்த பதில்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன்.