பொரி மூட்டை சிரஞ்சீவி

“ஃபேன் ஆபண்டய்யா! நிறுத்துங்கய்யா ஃபேன!” என்று தெலுங்கிலும் தமிழிலும் கத்திவிட்டுத்தான் சிரஞ்சீவி மூட்டையின் வாயைப் பிரிக்கிறார். ரேணிகுண்டா வெயிலில், உலைக்கு முன்னால் நிற்பவர்களிடம் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது பெரிய பாவம். ஆனால் நிறுத்தாவிட்டால் மூட்டையில் இருப்பதெல்லாம் பறந்து வந்து எங்கள் மீசையில் உட்கார்ந்துவிடும். அவ்வளவு லேசு.

அதன் பெயர் பெர்லைட். எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்தெடுத்த வெள்ளைக் குருணை. சிரஞ்சீவிக்கு அது ‘பொரி’. உருகிய இரும்பை லேடில் என்னும் ராட்சத வாளியில் பிடித்ததும் மேலே இதைக் கொட்டி மூட வேண்டும். சூடு வெளியேறாது, மிதக்கும் கசடும் இதோடு ஒட்டித் திரண்டுகொள்ளும். எங்கள் வார்ப்பாலையில் அவருக்கு இதுதான் வேலை.

வயது நாற்பத்தாறு. நகரியிலிருந்து ரயிலில் வருகிறார். உடம்பு ஒல்லி, குரல் மட்டும் கனம். ஆலையைப் பார்க்க வெளியாட்கள் வந்துவிட்டால் போதும், இரண்டு மூட்டைகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு முக்கி முனகி அவர்கள் எதிரிலேயே நடப்பார். அவர்களும் “ஐயோ பாவம்” என்று வழிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு குடம் தண்ணீர் எடைகூட வராது என்பது எங்களுக்கல்லவா தெரியும்! கிழிந்த மூட்டையில் மிஞ்சுவது அவர் வீட்டு மிளகாய்ச் செடிக்குப் போகிறது. “ஊட்டுக்காரி ஸ்ரீதேவி இன்னா சொல்றா தெரியுமா? சோத்துல போடாத வரைக்கும் செரின்றா.”

போன வியாழக்கிழமை ஒரு பெரிய பம்பு உறையை வார்க்க வேண்டியிருந்தது. முந்தைய தடவை இரும்பு ஆறிப்போன பிறகு ஊற்றியதால் அது பாழாகித் திரும்பி வந்திருந்தது. இதுவும் பாழானால் ஆர்டர் கைவிட்டுப் போகும். சிரஞ்சீவி உட்படப் பன்னிரண்டு ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு வேலை போகும். லேடிலைத் தூக்கிக்கொண்டு கிரேன் பாதி வழி வந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது.

சிரஞ்சீவி மேடையில் ஏறி மேலும் இரண்டு மூட்டைகளைக் கவிழ்த்தார். அங்கங்கே தகதகத்த இரும்பும் மறைந்து வெள்ளைவெளேரென்று ஆனது. அதுதான் சூப்பர்வைசர் ஜெயச்சந்திரனுக்குப் பொறுக்கவில்லை. சிவப்பு கண்ணில் படாவிட்டால் ஆறிவிட்டது என்று பதறும் மனிதர் அவர். கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“கொஞ்சம் ஒதுக்கிப் பாக்கறேன்யா!”

“வாணாம் சார். சும்மா சும்மா தொறந்து பாத்துக்கினு இருந்தா ஆறிப்பூடும்.”

“உள்ளயே ஒறஞ்சி போச்சின்னா?”

“என்னை ஊட்டுக்கு அனுப்பிடுங்க சார்.”

பதினெட்டு நிமிடம். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரஞ்சீவியோ கையைக் கட்டிக்கொண்டு, நகரி ரயிலுக்குக் காத்திருப்பவரைப் போல நின்றார். ஜெயச்சந்திரன் நான்கு முறை கம்பியை எடுத்தார்; நான்கு முறையும் சிரஞ்சீவி குறுக்கே வந்தார்.

மின்சாரம் வந்தது. வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்தோம். ஆயிரத்து முந்நூற்று எழுபது டிகிரி. ஊற்றலாம்! திரண்டிருந்த கசடை ஓரம் ஒதுக்கி ஊற்றினோம். அச்சு விளிம்பு வரை நிறைந்தது. சந்தோஷத்தில் நான் விசிலே அடித்துவிட்டேன்.

ஜெயச்சந்திரன் தாமே போய் டீ வாங்கி வந்து நீட்டினார். “இன்னாயா, உனக்கு பயமே கெடையாதா?”

“இன்னா சார் பயம்?” என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார் சிரஞ்சீவி. வாங்கிய கையில் டீ தளும்பிக்கொண்டே இருந்தது. இன்னொரு உள்ளங்கையால் டம்ளரின் வாயைப் பொத்திக்கொண்டார்.